நகைக்கடனை அடைத்த பிறகும் சிபில் அறிக்கையில் பாக்கி காட்டுகிறதே, எப்படித் திருத்துவது?

கடன் அறிக்கை என்பது நீங்கள் வாங்கிய கடன்களும் கட்டிய தேதிகளும் பதிந்த ஏடு. அதிலிருந்து கணக்கிடும் 300 முதல் 900 வரையிலான எண்தான் ஸ்கோர்.

இந்த அறிக்கையைத் தரும் கடன் தகவல் நிறுவனமான சிபில் தானாக எதையும் எழுதுவதில்லை. வங்கி அனுப்புவதைப் பதிகிறது. சம்பா போட்ட வயலுக்கு, அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் உளுந்து என்று இருந்தால், நகல் எடுத்துத் தரும் இ-சேவை மையத்தால் மாற்ற முடியாது, விஏஓதான் திருத்த வேண்டும். இதுவும் அப்படித்தான். டெல்டாவில் நகையைத் திருப்பி மறுபடி வைக்கும்போது பழைய கணக்கு மூடப்படாமல் நிற்பதுண்டு.

முதலில் முழு அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். தவறான கணக்கு எண்ணைக் குறித்து, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். கூடவே வங்கிக் கிளையிலும் கடன் முடிந்த சான்று, ரசீது நகலோடு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலர் விடுவது இதைத்தான். 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேலும் இழுத்தால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஸ்கோர் உயர, தவணையைக் கெடு தேதிக்குள் கட்டுங்கள். கொள்முதல் நிலையப் பணம் தாமதமானாலும் கெடு நகராது. பிறருக்குப் போட்ட ஜாமீனும் உங்கள் அறிக்கையில் ஏறும்.

சொந்த ஸ்கோரை நீங்களே பார்த்தால் குறையும் என்பது தவறு. கடன் கேட்டு வங்கி பார்க்கும்போதுதான் சற்றுக் குறையக்கூடும்.