எடை குறைந்துவிட்டது, இனி எவ்வளவு கார்ப்? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கார்ப் எனும் மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கீட்டோ உணவில் எடை குறைந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். கார்ப் கிடைக்காத உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்களில் ஓடுவதுதான் கீட்டோசிஸ், அதற்கு மேல் அரிச்சுவடியிலிருந்து தொடங்கப் போவதில்லை. இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். இன்னொன்று, சிலர் என்னை டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டயட்டீஷியன். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: 14 கிலோ குறைத்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் ஒரு விருந்தில் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் 2 கிலோ ஏறியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீணா மேடம்?

பதில்: ஏறியது தண்ணீர். கார்ப் உள்ளே போனதும் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன், அதாவது சேமிப்புச் சர்க்கரை, நிரம்பும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். கிளைகோஜன் அரை கிலோ என்றால் தண்ணீரோடு சேர்த்து 2 கிலோ. கணக்கு இடிக்கிறதா என்ன? அதுவே 2 கிலோ கொழுப்பாக இருக்க வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் 15,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்த விருந்திலும் அது நடக்காது. ஐந்து நாள் வழக்கமான சாப்பாட்டில் இருந்துவிட்டு எடை பாருங்கள். கீட்டோ தொடங்கிய முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கி உங்களைக் குஷிப்படுத்தியதும் இதே தண்ணீர்தான்.

கேள்வி: யூரின் ஸ்ட்ரிப்பில் முன்பெல்லாம் அடர்ந்த ஊதா வரும். இப்போது லேசான பிங்க் கூட இல்லை. கீட்டோசிஸை விட்டு வெளியே வந்துவிட்டேனா?

பதில்: தெரியாது, ஸ்ட்ரிப்புக்கும் தெரியாது. அது காட்டுவது சிறுநீரில் வெளியேறும் அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு கீட்டோனை மட்டும். மாதக்கணக்கில் இந்த உணவில் இருப்பவர்களுக்கு அது குறைவாக வெளியேறும், நிறமும் வெளுத்துப் போகும். நிறையத் தண்ணீர் குடித்திருந்தாலும் அப்படித்தான். ரத்தத்தில் பார்த்தால் சரியாகத் தெரியும், கீட்டோன் லிட்டருக்கு 0.5 மில்லிமோலைத் தாண்டினால் கீட்டோசிஸ். ஆனால் குறைத்த எடையைக் காப்பாற்ற மட்டும் நினைப்பவருக்கு அது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வலிப்பு நோய்க்காக இந்த உணவில் இருப்பவர்கள் கதை வேறு. 1921-ல் கீட்டோஜெனிக் என்று பெயர் வைத்து இந்த உணவைக் கொண்டுவந்ததே அவர்களுக்காகத்தான். அவர்கள் அளந்தே ஆகவேண்டும். நீங்கள் அந்தக் காசுக்கு ஒரு டேப் வாங்கி இடுப்பை அளங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகத் தினமும் 20 கிராம் கார்புக்குள் இருக்கிறேன். இரண்டு வருடமாக எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு ஆப்பிளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. 20-ஐத் தாண்டினால் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆயுசுக்கும் இப்படியேதானா?

பதில்: இந்த 20 கிராம் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த எண்ணைப் பரப்பியதில் பெரிய பங்கு அமெரிக்க டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் வகுத்த திட்டத்துக்கு உண்டு. அதில் 20 கிராம் என்பது முதல் கட்டம் மட்டும், குறைந்தது இரண்டு வாரம். அதற்கு அப்புறம் வாரத்துக்கு 5 கிராமாகக் கூட்டிக்கொண்டே போய், எடை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கே தங்கச் சொல்கிறது அந்தத் திட்டம். தீவிரவாதி ரேஞ்சுக்குத் திட்டு வாங்கிய மனிதர் அவர். அவரே மேலே ஏறச் சொன்னார். நம் ஆட்கள் முதல் படியிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

2018-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. சுமார் 600 பேர், ஒரு வருடம், பாதிப் பேருக்குக் குறைந்த கொழுப்பு, பாதிப் பேருக்குக் குறைந்த கார்ப். கார்பைக் குறைத்தவர்களும் 20 கிராமில்தான் தொடங்கினார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்து, வாழ்நாள் முழுக்கத் தாங்கும் அளவு எதுவோ அதுவரை மெதுவாகக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வருடக் கடைசியில் அவர்கள் சாப்பிட்டது சராசரியாக 130 கிராம் பக்கம். குறைந்த எடை 6 கிலோ. மற்ற அணிக்கு 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. 20-ஐத் தாண்டியதும் வானம் இடிந்து விழவில்லை.

உங்களுக்கு வழி இதுதான். தினசரி அளவில் 10 கிராம் கூட்டுங்கள், இரண்டு வாரம் அதிலேயே நில்லுங்கள், மறுபடி 10. தினமும் காலையில் எடை பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் நம்புங்கள். முதலில் ஒன்றிரண்டு கிலோ தண்ணீர் ஏறும் என்று மேலே சொல்லியிருக்கிறேன், அதைப் பார்த்து ஓடக்கூடாது. அதன் பிறகும் சராசரியும் இடுப்பளவும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் ஒரு படி இறங்குங்கள். கூட்டுவது காய்கறி, பருப்பு வகை, பழம் என்று இருக்கட்டும். நீங்கள் பயப்படும் ஆப்பிள், நடுத்தர அளவு என்றால், மொத்தம் 25 கிராம் கார்ப், அதில் 4 கிராம் நார்ச்சத்து. முதல் வாரம் பாதி சாப்பிடுங்கள்.

என்னிடம் வருபவர்களில் பலர் 50-க்கும் 100-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். நன்றாக உடற்பயிற்சி செய்பவர்கள் இன்னும் மேலே போகலாம். சர்க்கரை நோயோடு வந்தவர்கள் கீழேயே இருக்க வேண்டி வரலாம்.

எடை திரும்பி வருகிறதே என்பீர்கள். வரும், எந்த டயட்டிலும் வரும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு நாளுக்கு 20-30 கலோரி குறைவாகச் செலவழிக்கிறது. 14 கிலோ குறைத்தவருக்கு 300-400 கலோரி. பசியோ குறைவதற்குப் பதில் கூடுகிறது. அந்தப் பள்ளத்தைக் கவனிக்காமல் பாதாமும் சீஸும் கை போன போக்கில் தின்றால் 20 கிராமுக்குள் இருந்துகொண்டே குண்டாகலாம்.

20-லேயே சுகமாக இருக்கிறீர்கள், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் தாராளமாக இருங்கள். பயத்தால் அங்கே இருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

கேள்வி: கீட்டோவில் இருக்கிறேன். சுகர் மாத்திரையும் போடுகிறேன். தொடரலாமா? உடனே பதில் தேவை.

பதில்: எந்த மாத்திரை? என்ன வயது? எத்தனை நாளாக? ஒன்றும் எழுதாமல் உடனே பதில் வேண்டுமாம்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் பெயர் இருந்தால் இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அதோடு கடும் கீட்டோ சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் அளவுமீறி ரத்தம் அமிலமாகும் ஆபத்து, வரக்கூடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று தொடங்கினால் குளுக்கோமீட்டரை நம்பி வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு என்றால் சர்க்கரை திடீரென்று தாழும். பிரஷர் மாத்திரைக்காரர்களுக்கும் தலை சுற்றும், டோஸ் குறைக்க வேண்டி வரலாம். டாக்டரைக் கேளுங்கள், டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: கெட்ட கொலஸ்ட்ரால் எனும் எல்.டி.எல். 110-லிருந்து 210 ஆகிவிட்டது. ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு குறைந்து, நல்ல கொலஸ்ட்ரால் எனும் எச்.டி.எல். கூடியிருப்பதால் கவலை வேண்டாம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் இதய டாக்டரா? ட்ரைகிளிசரைடு குறைந்தது நல்லதுதான், அதற்காக 210-ஐ மன்னித்துவிட முடியாது. 190-ஐத் தாண்டினாலே டாக்டர் பார்க்க வேண்டிய எண். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த ரிப்போர்ட் என்றால் கொஞ்சம் பொய் சொல்லும். எடை நிலைத்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள், கூடவே தைராய்டும் பாருங்கள். அதுவரை காபியில் வெண்ணெய் போடுவதை நிறுத்துங்கள். வெண்ணெய், கொழுப்புக் கறி இருந்த இடத்தில் ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், மீன். ஒல்லியானவர்களுக்குத்தான் இது அதிகம் எகிறுகிறது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு நாளுக்கு 50-100 கிராம் கார்ப் சேர்த்ததுமே எண் இறங்கிவிடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட்.

கேள்வி: முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பயோட்டின் வைட்டமின் போடலாமா?

பதில்: வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து கொட்டும், ஆறு மாதத்தில் பெரும்பாலும் திரும்ப வரும். புரதம், இரும்புச்சத்து இரண்டையும் பாருங்கள். பயோட்டினுக்கு அவசரமில்லை.

கேள்வி: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.3 மட்டுமே. ஆனால் குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுத்த டெஸ்டில் சர்க்கரை நோய் என்று வந்துவிட்டது!

பதில்: டெஸ்டுக்கு முன் மூன்று நாள் தினமும் 150 கிராம் கார்பாவது சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடவில்லை என்றால் கார்பைக் கையாளும் பழக்கம் விட்டுப்போன உடம்பு அப்படித்தான் காட்டும். கீட்டோவில் இருப்பதை லேபில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி: 'கீட்டோ' பிஸ்கெட் பாக்கெட்டில் நெட் கார்ப் (நார்ச்சத்து போன்றவற்றைக் கழித்த கார்ப்) 2 கிராம் என்று போட்டிருக்கிறது. தினமும் சாப்பிடலாமா?

பதில்: பின்பக்கத்தைப் படியுங்கள். மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அந்த 2 கிராம் கணக்கு செல்லாது, அது சர்க்கரையை ஏற்றும், வயிற்றையும் கலக்கும். இன்னொன்று, அமெரிக்க லேபிளில் மொத்தக் கார்புக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் அதை முன்பே கழித்துவிடுகிறார்கள். அது தெரியாமல் நீங்கள் இன்னொருமுறை கழித்தால் கார்ப் குறைந்தது போலத் தோன்றும், தாளில் மட்டும்.

கேள்வி: கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். மறுபடி 20 கிராமுக்கு இறங்கலாமா?

பதில்: வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இதனால் கீட்டோஅசிடோசிஸ் வந்திருக்கிறது.

கேள்வி: ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. மலச்சிக்கலும் உண்டு.

பதில்: கார்ப் குறைந்தால் சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியே தள்ளும். சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதீர்கள், தண்ணீரும் கீரையும் கூட்டுங்கள். நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமாவது வேண்டும், மொத்தக் கார்பே 20 கிராம் என்றால் அது அதற்குள் அடங்காது என்பதையும் கவனியுங்கள். பிரஷர், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருந்தால் உப்பைத் தொடும் முன் டாக்டரைக் கேளுங்கள். அடுத்த கடிதத்தில் மாத்திரைப் பெயரையும் எழுதுங்கள்.