ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள்

சென்ற வாரம் என்னிடம் ஆலோசனை கேட்டு ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மருத்துவ நுழைவுத் தேர்வில் மகளுக்கு இது இரண்டாவது முயற்சி. "ராத்திரி ஏழு மணி நேரம் வீணாப் போகுதேன்னு அவ மாமா சொல்றார் சார். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டா தூங்கும்போதே உயிரியல் பாடம் காதுல ஓடுமாம். ஒரு மாசம் இலவசமா கொடுத்தாங்க, இப்ப வருஷத்துக்கும் பணம் கேக்கறாங்க. கட்டலாமா?"

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். எந்தப் பாடம், எத்தனை மணிக்குப் படுத்தாள், காலையில் எது நினைவிருந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வாரம் பாட வரிசையை மாற்றியும் பார்த்திருக்கிறாள். "எதை முதல்ல போட்டாலும் அந்த முதல் பத்து நிமிஷம்தான் சார் ஞாபகம் இருக்கு. அப்ப நான் முழிச்சுத்தானே இருந்தேன்?"

அதேதான். 1956-இல் அமெரிக்காவில் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர், படுத்திருந்தவர்களுக்கு இரவு முழுக்க 96 கேள்வி-பதில்களை ஒலிபரப்பினார்கள். கூடவே மூளை அலைகளையும் பதிவு செய்தார்கள். அரைவிழிப்பில் கேட்டவை மறுநாள் ஓரளவு நினைவுக்கு வந்தன. உண்மையாகவே தூங்கியபோது ஒலித்தவை வரவில்லை.

மாமாவுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். தூக்கத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. 2007-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சீட்டுகளின் இடங்களை ரோஜா வாசனையோடு மனப்பாடம் செய்தவர்களுக்கு, ஆழ்ந்த தூக்கத்தில் அதே வாசனையை மறுபடி காட்டினார்கள். தூங்குமுன் நினைவிருந்ததில் சுமார் 97 சதவீதத்தைப் பிறகும் சரியாகச் சொன்னார்கள். வாசனை காட்டாதபோது 86. ஆனால் அந்தச் சீட்டுகளை அவர்கள் முந்தின நாளே விழித்திருந்து படித்துவிட்டார்கள். புதுப் பாடம் எதுவும் ஏறவில்லை.

ஆகவே அம்மா, ஒரு காசு கட்டாதீர்கள். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். காதில் பேச்சுச் சத்தத்தை வைத்து அதையும் கெடுப்பது கண்ணை விற்று ஓவியம் வாங்குகிற கதைதான். படுக்கும் முன் புத்தகத்தை மூடிவிட்டு, அன்று படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும். அப்புறம் தூங்கட்டும்.

சரி, மருத்துவம்தான் என்று முடிவு செய்தது யார்? கேட்டதும் அம்மா மகளைப் பார்த்தார். மகளோ, "அந்த மூளை அலையை எப்படி சார் எடுப்பாங்க?" என்றாள்.

மருத்துவர் ஆவது ஒன்றுதான் வழி என்றில்லை. நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாத ஒன்று, தூக்க ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் வேலை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர் மாலையில் வருவார். தலையை அளந்து குறித்த இடங்களில், மின் அலைகளைப் பிடிக்கும் எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும். கண்ணோரம், தாடை, கால்களிலும். மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் அளவி. அவர் தூங்கிய பிறகு, பக்கத்து அறைத் திரையில் அலைகள் ஓடும். ஒரு பக்கம் என்பது 30 வினாடி. எட்டு மணி நேரம் என்றால் 960 பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் இது விழிப்பு, இது ஆழ்தூக்கம், இது கனவு காணும் தூக்கம் என்று குறிக்க வேண்டும். 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்ற, அல்லது வெகுவாகக் குறைந்த இடங்களை எண்ண வேண்டும். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ போனால் நோய் தீவிரம் என்பார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். கட்டம் போட்டு நோட்டு எழுதுகிற கைக்கு இது பிடிக்கும்.

குறையும் உண்டு. இரவு வேலை, ஊரார் தூக்கத்தைக் காக்கிறவருக்குச் சொந்தத் தூக்கம் இடம் மாறும். படிப்பும் சான்றிதழும் நாட்டுக்கு நாடு வேறுபடும், விசாரித்துத்தான் சேர வேண்டும். மூன்றாவது முயற்சிக்குக் கடன் வாங்குவதாகச் சொன்னீர்களே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவளே கேட்டால் வேறு விஷயம், இதுவரை அவள் கேட்கவில்லை.

தூக்க ஆய்வுக்கூடம் உள்ள ஒரு மருத்துவமனையில் அனுமதி கேட்டு, ஒரு மாலை அவளை அங்கே உட்காரவையுங்கள். அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். மாமாவிடம் பேச வேண்டுமானால் என் எண்ணைக் கொடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.