கசந்துபோன நெஞ்சுக்கறி

கேள்வி: மூடி போட்ட பார்பிக்யூ அடுப்பு வாங்கி, மொட்டை மாடியில் கோழி நெஞ்சுக்கறிக்குப் புகை போட்டுப் பார்த்தேன். கரி மேல் நனைத்த தேங்காய் மட்டையும், தச்சுப் பட்டறையில் வாங்கிய மரத்தூளும் போட்டு இரண்டரை மணி நேரம் வைத்தேன். நிறம் அருமையாக வந்தது. வாயில் வைத்தால் கசப்பு. உள்ளே பஞ்சு மாதிரி வறண்டிருந்தது. ஓரத்தில் ரோஸ் நிறம் தெரிந்ததால், வேகவில்லை என்று சொல்லி அம்மா குழந்தைகளுக்குக் கொடுக்கவே விடவில்லை. எங்கே தப்பு செய்தேன்? மழை நாளில் மாடிப்படி அறைக்குள் வைத்துச் செய்யலாமா? மீதியை மறுநாள் டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மாடிப்படி அறையை முதலில் முடித்துவிடுகிறேன். கரி அடுப்பை அதற்குள் ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை என்றால் கண் எரியும், வெளியே ஓடி வந்துவிடுவோம். இது எதையும் காட்டிக்கொடுக்காமல் ஆளைச் சாய்த்துவிடும். கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. மழை பெய்தால் அன்றைக்குக் குழம்பு வையுங்கள்.

சரி, கறிக்கு வருவோம். கசந்ததும் வறண்டதும் ஒரே தப்பால் வந்ததில்லை. கசப்பு புகையால் வந்தது, வறட்சி சூட்டால் வந்தது.

நனைத்த மட்டையிலிருந்து குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்திருக்குமே? சரியாக எரியாத பொருள் விடுகிற புகை அது. ஈர விறகு வைத்து வெந்நீர் போட்ட அண்டாவின் அடியைத் தொட்டுப் பாருங்கள், கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். அதே பிசுக்குதான் உங்கள் கறி மேல் இரண்டரை மணி நேரம் படிந்திருக்கிறது. நீங்கள் ரசித்த நிறத்தில் பாதி அதுதான். பட்டறை மரத்தூளையும் இனி தொட வேண்டாம். பிளைவுட் பசை, வார்னிஷ், பாலிஷ் எல்லாம் அதில் கலந்திருக்கும். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரக்கூடாத சரக்கு அது.

நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. மூடித் துளைக்கு மேலே உற்றுப் பார்த்தால், நீலம் கலந்த மெல்லிய இழையாக ஆடிக்கொண்டு போகும். அதற்குக் கரி முழுக்கக் கனன்று, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் விறகைச் சேர்க்க வேண்டும். விறகு காய்ந்திருக்க வேண்டும். துளைகளை மூடித் திணறடிக்கக் கூடாது. மா, கொய்யா இரண்டும் சாதுவான வாசனை தரும். கட்டைவிரல் பருமனில் இரண்டு துண்டு போதும், கோழி நிறையப் புகை கேட்காது.

உங்கள் ஊரில் கரிக்குப் பஞ்சமே இல்லை. டெக்சாஸ்காரர்கள் இறைச்சி சுடப் பெருமையோடு பயன்படுத்தும் மெஸ்கீட் மரம், நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். அதன் கரி நின்று எரியும், சூட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் பச்சை விறகைப் புகைக்குப் போடாதீர்கள். காரமான புகை, மென்மையான நெஞ்சுக்கறியை அமுக்கிவிடும்.

இப்போது வறட்சி. கோழியிலேயே கொழுப்பு குறைவான இடம் நெஞ்சு. தோலும் எலும்பும் நீக்கிய துண்டுக்குக் காப்பே கிடையாது. அதனால் கடையில் தோலோடு, எலும்போடு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால், துண்டின் தடித்த முனையை மட்டும் லேசாகத் தட்டி ஒரே கனத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் தடித்த முனை வேகிறவரை மெலிந்த முனை காய்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது உப்புத் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, 20 கிராம் நாட்டுச் சர்க்கரை. கறி முழுகும்படி ஃப்ரிட்ஜில் 2 முதல் 3 மணி நேரம் ஊறட்டும். உப்பு உள்ளே இறங்கித் தசைநாரைத் தளர்த்தும். அப்படித் தளர்ந்த கறி வேகும்போது தண்ணீரை அவ்வளவு சுலபமாக விடாது. எடுத்து, ஈரம் போகத் துடைத்து, ஒரு கம்பித் தட்டில் மூடாமல் இன்னொரு மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். மேல்தோல் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. மசாலா என்றால் மிளகுத்தூளும் கொஞ்சம் பூண்டும் போதும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்பினால் இந்த இளஞ்சூட்டில் பச்சை வாசனை போகாது.

கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கறியை மறுபக்கம் வையுங்கள். கறிக்கு அடியில் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டு இருக்கட்டும். மூடியின் துளை கறிக்கு நேர் மேலே வர வேண்டும், அப்போதுதான் புகை கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். அடுப்புக்குள் சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். 250 கிராம் துண்டு பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தயாராகிவிடும். இரண்டரை மணி நேரம் ரொம்ப அதிகம்.

நேரத்தையும் நம்ப வேண்டாம், நிறத்தையும் நம்ப வேண்டாம். கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். நான் முதல் தடவை நிறத்தைப் பார்த்து இறக்கினேன். வெளியே தேன் நிறம். விருந்தாளி முன்னால் வெட்டினால் நடுவில் கண்ணாடி மாதிரி பச்சைக்கறி. அதிலிருந்து தெர்மாமீட்டர் இல்லாமல் அடுப்பு பற்றவைப்பதில்லை. தடித்த இடத்தின் நடுவில், எலும்பில் படாமல் குத்துங்கள். 74 டிகிரி காட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். 80-ஐத் தாண்டினால் நீங்கள் சொன்ன பஞ்சுதான். எடுத்த பிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

அந்த ரோஸ் நிறத்துக்கு உங்கள் அம்மா பயந்தது நியாயமானதுதான். ஆனால் மேற்பரப்புக்குக் கீழே ஒரு கோடு மாதிரி ஓடும் ரோஸ், வேகாததன் அடையாளம் இல்லை. புகையிலுள்ள நைட்ரஜன் வாயுக்கள் கறியின் நிறப்பொருளோடு சேர்ந்து அப்படி ஆக்கும். நடுவில் ரோஸாக, வழவழப்பாக இருந்தால்தான் கவலை. இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்வது அந்த 74 டிகிரிதான். அடுத்த தடவை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குத்திக் காட்டுங்கள்.

டிபன் பாக்ஸ் வேண்டாம். புகை போட்டதால் உப்புக்கண்டம் மாதிரி இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்புக்கண்டம் நிற்பது உப்பாலும் வெயிலில் நன்றாகக் காய்வதாலும். இது சாறு நிற்கிற கறி, சாதாரண சமைத்த கோழி மாதிரியேதான் கெடும். உங்கள் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், நாராகப் பிய்த்து, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசறி, சூடான சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுங்கள்.