கூலித்தறிக்கு அவசரம் வேண்டாம், அம்மணி

அம்மணி, உங்கள் கடிதம் கிடைத்தது. அவிநாசிக்காரர், கோவையில் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங், இந்த ஆகஸ்டில்தான் இங்கே அமெரிக்காவுக்கு, கருவிகளை மனிதருக்கு ஏற்றபடி வடிவமைக்கும் ஹியூமன் ஃபேக்டர்ஸ் முதுகலைக்கு வந்தீர்கள். ஒரு கம்பெனி வார இறுதியில் அவர்கள் செயலியைச் சோதித்து அறிக்கை எழுதித் தந்தால் பணம் தருகிறேன் என்கிறது, வாங்கலாமா? படிப்பு முடிந்ததும் ஃப்ரீலான்ஸாகவே பிழைக்க முடியுமா? இரண்டு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில்: தொடாதீங்க. எஃப்-1 மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். வெளியே பார்ப்பதென்றால் சி.பி.டி. என்ற, படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி, கல்லூரி தந்த உங்கள் ஐ-20 தாளில் ஏறிய பிறகுதான், அதற்குப் பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். "கோயமுத்தூர் கம்பெனிதானே, அப்பா கணக்கில் போட்டுவிடுவார்கள்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணம் எங்கே விழுந்தாலும் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்வது இங்கேதான். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அதற்கும் சரி சொல்லாதீர்கள். வார இறுதிக் காசுக்காக விசாவை அடகு வைக்கக் கூடாது.

படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சி அனுமதி 12 மாதம். உங்கள் படிப்பு சார்ந்த வேலையாக இருந்தால் அந்த 12 மாதத்தில் சொந்தமாகத் தொழில் செய்யலாம். ஆனால் 90 நாளுக்கு மேல் சும்மா இருக்க முடியாது. அடுத்து, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு உள்ள 24 மாத ஸ்டெம் நீட்டிப்பில் அந்தக் கதவும் மூடிவிடும். ஈ-வெரிஃபை என்ற அரசின் வேலைத் தகுதி சரிபார்ப்புத் தளத்தில் பதிந்த முதலாளி வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், உங்களுக்கு நீங்களே முதலாளி ஆக முடியாது. எச்-1பி வேலை விசா வந்தால் மனுப்போட்ட கம்பெனிக்கு மட்டும்தான் வேலை. ஹியூமன் ஃபேக்டர்ஸ் சில இடங்களில் தொழிற்பொறியியல் துறையில் இருக்கிறது, சில இடங்களில் உளவியலில். அதனால் ஐ-20 தாளில் உள்ள படிப்புக் குறியீட்டு எண் ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நான் 2006-இல் வந்தேன், ஃப்ரீலான்ஸ் தொடங்கியது நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பச்சை அட்டை கைக்கு வந்த 2019-இல்.

சரி, இப்போது தொழிலுக்கு வருகிறேன். எனக்குப் பல்லடம் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், நான்கு தறி. நான்கு ஸ்டார்ட்டரும் சுவரில் ஒரே வரிசையில், ஒரே மாதிரிப் பச்சை சிவப்புப் பொத்தான்கள். ஒருநாள் அப்பா மூன்றாம் தறிக்குள் கைவிட்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தபோது, இரண்டாவதை ஓட்டப் போன அம்மா மூன்றாவதை அமுக்கிவிட்டார். நல்ல வேளை, கரண்ட் இல்லை. அன்று சாயங்காலமே மூன்றாவதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். ஏன் மூன்றாவதுக்கு மட்டும் என்று கேட்டால், "நடுவுல ஒன்னு தெரிஞ்சாப் போதும், மத்தது தானா தெரியும்" என்றார்.

இங்கே வந்து முதல் செமஸ்டரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் அந்த விமானங்கள் பத்திரமாக இறங்கி ஓடுதளத்தில் போகும்போது, இறக்கைத் தட்டுகளை மடக்க நினைத்த விமானிகள் தவறிச் சக்கரங்களை மடக்கிவிடுவார்கள். வயிறு தரையில் தேயும். விமானி பிழை என்று எழுதி வைத்தார்கள். அல்ஃபான்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தால், இரண்டு நெம்புகோலும் பக்கத்தில் பக்கத்தில், தடவிப் பார்த்தால் ஒரே மாதிரி. சக்கர நெம்புகோலின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம், தட்டு நெம்புகோலில் ஆப்பு வடிவம் என்று மாட்டவைத்தார். அந்தத் தவறு நின்றது. வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், எனக்குச் சிவப்புத் துணிதான் கண்ணில் நின்றது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இதுக்கா இத்தனை லட்சம் கட்டுனோம்?" என்றார்.

இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அந்தக் குடோனிலேயே இருக்கிறது. ஃப்ரீலான்ஸ் என்பது கூலித்தறிதான். "தறி நம்மளது, பாவு அவிங்களது" என்பார் அப்பா. பாவு, அதாவது நெய்யக் கொடுக்கும் நூல், வரும் வாரம் ராத்திரி பகல் ஓட்டம், வராத வாரம் தறி தூசி படிந்து நிற்கும். நான் இருக்கும் மினியாபொலிஸ் மருத்துவக் கருவிக் கம்பெனிகள் நிறைந்த ஊர். அதனால் எனக்கு வருவது பெரும்பாலும் ஊசிப் பேனா, மருந்தேற்றும் பம்பு, அவற்றோடு வரும் விளக்கத் தாள். அமெரிக்க மருந்துத் துறையான எஃப்.டி.ஏ.வின் 2016 வழிகாட்டுதல்படி, இறுதிச் சோதனையில் ஒவ்வொரு பயனர் வகைக்கும் குறைந்தது 15 பேர். நர்ஸ், நோயாளி, வீட்டில் பார்த்துக்கொள்பவர் என்று மூன்று வகை என்றால் 45 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதில்தான் நான் அடிபட்டேன். முதல் வருடம் ஒரு கம்பெனிக்கு மொத்தத் தொகை பேசிவிட்டேன். பாதிச் சோதனையில் அவர்கள் கருவியின் மூடியை மாற்றினார்கள். மாற்றிய கருவிக்குப் பழைய ஆட்களின் முடிவு செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. மாற்றம் வந்தால் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. மூன்று மாத உழைப்பு, கையில் நின்றது பெட்ரோல் காசு. அதுவும் பில் போட்டு அறுபது நாள் கழித்து! கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தும் நம் ஊர்க்காரர்கள் வாயைத் திறந்து கேட்கிறார்கள், எனக்கு அது வரவில்லை.

சம்பளத்தை மணிக்கு வகுத்து அதையே கட்டணமாகக் கேட்காதீர்கள். சுயதொழில் வரி மட்டுமே 15.3 சதவீதம், வருமான வரி அதற்கு மேல், வருடத்துக்கு நான்கு தவணை நீங்களே கட்ட வேண்டும். உடல்நலக் காப்பீடும் உங்கள் தலையில். என் நேரத்தில் பாதிதான் பில்லில் ஏறுகிறது, மீதி ஆள் தேடவும் கடிதம் எழுதவும் போகிறது. முதலில் நான்கைந்து வருடம் ஒரு கம்பெனியில் இருங்கள். பிற்பாடு எனக்குப் பாவு தந்தவர்கள், அதாவது வேலை கொடுத்தவர்கள் எல்லாம் அப்போது பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்தான்.

இன்னொன்று, வேலை தேடும்போது செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள். கம்பெனி வேலையெல்லாம் ரகசிய ஒப்பந்தத்துக்குள், காட்ட முடியாது. உங்கள் சித்தி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்களே. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால், முதலாளியிடமும் சித்தியிடமும் கேட்டுக்கொண்டு ஒருநாள் அந்தத் தையல் மேசை (பவர் டேபிள்) பக்கம் நோட்டோடு உட்காருங்கள். கைமடி (டெய்லருக்கு உதவியாள்) எந்தப் பக்கம் நிற்கிறது, ஒரு பீஸுக்குச் சித்தி எத்தனை முறை கழுத்தைத் திருப்புகிறார், முழங்கை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று, கை, கழுத்தின் சிரமத்தை மதிப்பிடும் ரூலா தாளில் குறியுங்கள். முகம் தெரியாமல் படம் எடுங்கள். அப்புறம் துணிக்கூடையை ஒரு சாண் நகர்த்தி வைத்து மறுபடி எண்ணுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.