பேய்க்கதை எடுக்கிற பெண்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். எட்டாவது வரை பிள்ளைகள் ஓடி ஓடி வருகிறார்கள். ஒன்பதாவது போனதும் ஆளைக் காணோம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் வைத்துப் பார்த்தோம். பரிசு வாங்கிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பத்தாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். அவளும் பேய்க்கதையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறாள். அவளை நல்ல புத்தகத்தின் பக்கம் எப்படித் திருப்புவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளைத் திருப்ப வேண்டாம். வீட்டில் எல்லோரும் பொதுத்தேர்வைப் பற்றியே பேசுகிற வருடத்தில், வாரம் தவறாமல் வந்து ஒரு புத்தகம் எடுத்துப் போகிறாள். உங்கள் நூலகத்தின் மிக நல்ல வாசகி அவள்தான்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது பெரியவர்கள் அலமாரியிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். அங்கிருந்தவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பெரியவங்க படிக்கறது, வெச்சுட்டுப் போ கண்ணு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சிறுவர் அலமாரி சலித்துவிட்டது, பெரியவர் அலமாரியைத் தொடக்கூடாது. அப்புறம் எதற்குப் போவது? உங்கள் ஒன்பதாவது பிள்ளைகள் காணாமல் போகிற இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். பாடச்சுமையும் செல்போனும் உண்டுதான். அவற்றோடு நாம் மல்லுக்கு நிற்க முடியாது. அலமாரியைத் திறந்துவிடுவது நம் கையில் இருக்கிறது.

போட்டிகளை நிறுத்திவிடுங்கள் என்றே சொல்வேன். நாள் முழுக்க மதிப்பெண்ணுக்காக உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு இங்கேயும் முதல் பரிசு, இரண்டாம் பரிசா? வேலை கொடுங்கள். நாங்கள் ஒரு கிளை நூலகத்தில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். புத்தகத்துக்குள் தேதிச் சீட்டு ஒட்டியிருக்குமல்லவா, பல வருடமாக அதில் முத்திரையே விழாத புத்தகங்களைத் தேடி எடுக்கச் சொன்னோம். அரை மணி நேரத்தில் மேசை நிறைந்துவிட்டது. கையெல்லாம் தூசி, தும்மல், சிரிப்பு. ஒரு பையனின் அப்பா மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிறவர். அவன் மின் மோட்டார் பழுதுபார்ப்பது பற்றிய பழைய புத்தகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டான். சீட்டில் ஒரே ஒரு ஊதா முத்திரை, அதுவும் அவன் பிறப்பதற்கு முந்தையது. மறுவாரம் எல்லோர் முன்னாலும் ஒரு படத்தில் விரலை வைத்து, "இப்ப யாரும் இப்படிக் கட்டறதில்லீங்க" என்றான். எப்படிக் கட்டுவார்கள் என்று கரும்பலகையில் வரைந்தும் காட்டினான். அதுவரை அந்தப் பையன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். அதற்கு அடுத்தது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நமக்கு முன்னதுதான் நினைவிருக்கிறது. அந்த மோட்டார் புத்தகத்தை நானாக இருந்தால் எந்தப் பிள்ளையிடமும் நீட்டியிருக்க மாட்டேன்.

சரி, உங்கள் பேய்க்கதைப் பெண்ணிடம் ஒரு கூட்டத்தையே ஒப்படையுங்கள். ஊரிலுள்ள அம்மாயி, அப்பத்தாக்களிடம் முனி கதையும் கருப்பராயன் கதையும் கேட்டு, அவர்கள் பேசின பேச்சிலேயே எழுதி வந்து வாசிக்கட்டும். உடுக்கடித்து நம் கொங்குநாட்டு அண்ணமார் கதை பாடுகிறபோது, அண்ணன்மார் செத்து விழுகிற படுகளம் வரைக்கும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்த ஊர்தானே நம்முடையது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். பேய்க்கதைக்கு இருட்டு வேண்டுமென்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.

அதன்பிறகு ஒருநாள் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' அவள் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். 1942-இல் வந்த, கொங்குப் பேச்சில் எழுதின சின்ன நாவல். கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்பதும் அதனால் வருகிற விபரீதமும்தான் கதை. தன் அம்மாயியின் பேச்சு அச்சில் இருப்பதைப் பார்ப்பாள். பிடிக்காமல் பாதியில் திருப்பிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு நான்கைந்து பேரைக் கூட்டிப் போங்கள். வாசகர் வட்டத்தில் திரட்டுகிற பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அவர்கள் என்ன வாங்கினாலும் அலமாரியில் இடம் கொடுங்கள். பெற்றோர் யாராவது படிப்பு கெடுகிறது என்று வந்தால், வீட்டு வரியோடு நூலக வரியும் அவர்கள் கட்டுகிறார்கள் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற வரி அது. அவர்கள் பணத்தில் வாங்கின புத்தகத்தைத்தான் அவர்கள் பிள்ளை படிக்கிறது.

அந்தப் பெண் அடுத்து என்ன எடுத்தாள் என்று மறக்காமல் எழுதுங்கள். அதுவும் பேய்க்கதைதான் என்றால் தலைப்பையும் சேர்த்து எழுதுங்கள், நானும் தேடிப் படிக்கிறேன்.