களையெடுப்புக் காலத்துக் கேள்விகள்: பாம்பு, எலிக்காய்ச்சல், சோற்றுத் தட்டு

திருவாரூர் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சம்பா களையெடுப்பு நடக்கிற நேரம், மழையும் பிடித்துக்கொண்டது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பெயர்களை விட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி: நர்சம்மா, பக்கத்து வயல்காரரை வரப்பில் பாம்பு கடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டித்தான் தூக்கிப் போனோம். ஏன் கட்டினீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். கட்டாவிட்டால் விஷம் ஏறிவிடாதா?

கட்டக் கூடாது தம்பி. கட்டினால் விஷம் ஏறுவது நிற்காது, காலுக்குப் போகிற ரத்தம்தான் நிற்கும். வயலில் எலியைத் தேடி வருகிற கண்ணாடி விரியன் கடித்தால் அந்த இடத்துச் சதையே அழுகும், ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகமும் கெடும். இந்த நிலையில் காலை இறுக்கிக் கட்டினால் விஷம் முழுவதும் ஒரே இடத்தில் நின்று அரிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனைப் பார்த்தேன். கடி பட்டது சுண்டுவிரலில். வைக்கோல் பிரியால் மூன்று இடத்தில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. உயிர் தங்கியது, பாதம் தங்கவில்லை.

கொலுசு, மெட்டி, மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். எலும்பு முறிந்தால் செய்வதுபோல ஒரு பலகையோ மட்டையோ வைத்துக் காலை அசையாமல் பிடியுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். 108-க்கு அடியுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரவும் தேவையில்லை. விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அரசு மருத்துவமனையில் காசில்லை. உள்ளே போனதும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். ‘சும்மா உட்காரவைத்திருக்கிறார்கள்’ என்று கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குத் தூக்கிப் போகாதீர்கள். அதுவே ஒரு பரிசோதனைதான்.

ஒருவேளை வரும் வழியில் யாராவது கட்டிவிட்டிருந்தால் நீங்களாக அவிழ்க்க வேண்டாம், டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தங்கை: கடித்த தடமே இல்லாமல் விஷம் ஏறுமா அக்கா? எங்கள் தெருவில் அப்படி ஒரு சாவு.

ஏறும்மா. கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலி தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது, வாந்தி வருகிறது என்பார்கள். அப்புறம் கண் இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு திணறும். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை சரிந்தால் பாம்புக்கடி என்றே நினைத்துக் கிளம்புங்கள். கட்டில் இல்லாவிட்டால் கொசுவலை கட்டி, ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். நேபாளத்துச் சமவெளிக் கிராமங்களில் ஆராய்ந்து பார்த்ததில், வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி நன்றாகவே குறைந்திருந்தது.

நீடாமங்கலம், களையெடுக்கப் போகும் ஓர் அம்மா: நாலு நாளாகக் காய்ச்சல். கெண்டைக்கால் தொட முடியவில்லை. சேற்று வேலை அசதிதானே?

அசதிக்குக் காய்ச்சல் வராது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் அக்கா. கண்ணும் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து பித்தவெடிப்பு, புல் கிழித்த கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சலாகக் காட்டும். டாக்டரிடம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாமல், வயல் சேற்றில் நின்றேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் அடங்கும், விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் வரை போகும். கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர்களும் செத்த எலியை வெறும் கையால் எடுக்க வேண்டாம்.

கும்பகோணம், சர்க்கரை உள்ள ஒரு சார்: வெள்ளை அரிசியை விட்டு மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினேன். சர்க்கரை குறையவில்லையே?

தட்டில் சோறு குறைந்ததா சார்? சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று அதே மூன்று தடவைதானே? 2025-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு இந்தியர்களின் உணவை அலசியது. நம் சாப்பாட்டுச் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் சர்க்கரை நோய் வரும் அபாயம் குறையவில்லை, மொத்த மாவுச்சத்து குறைய வேண்டும் என்கிறது. அதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதத்தை வைத்தால் அபாயம் குறைவு. ஆய்வில் மாப்பிள்ளைச் சம்பாவைத் தனியாகச் சோதிக்கவில்லை, ஆனால் அதுவும் அரிசிதான். நார்ச்சத்து உண்டு, நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள், அளவோடு.

எனக்கு ஆதங்கம் என்னவென்றால், தை அறுவடைக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிற ஊர் நம்முடையது. மூட்டை கட்டி வியாபாரிக்குப் போட்டுவிட்டு, நாம் மறுபடியும் சோற்றைப் போட்டுக்கொள்கிறோம். இரண்டு மரக்கால் வீட்டுக்கு எடுத்து வையுங்கள். மோர்சோற்றை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பயறு சுண்டலும் ஒரு டம்ளர் மோரும் என்று ஆரம்பியுங்கள். மாத்திரை போடுகிறீர்கள் என்றால் சோற்றைத் திடீரெனக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை மிகவும் இறங்கிவிடக் கூடாது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தினம் பத்தாயிரம் அடி கட்டாயமா?

இல்லை சார். அது 1960-களில் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்கப் பிறந்த எண். 2025-இல் வந்த பெரிய தொகுப்பாய்வில் 7,000 அடிக்கே நல்ல பலன் தெரிகிறது.

வலங்கைமான், ஒரு தங்கை: வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தால் வீட்டுக்காரருக்குத் தலைவலி. என்ன செய்வது?

முதலில் ஒன்று கேளுங்கள்: தெளிப்பான் முனை அடைத்தால் வாயால் ஊதுகிறாரா? நம் ஆட்கள் நிறையப் பேர் ஊதுகிறார்கள், அப்படியே மருந்து நாக்குக்குப் போகிறது. ஒரு பழைய பல்தேய்க்கும் பிரஷைச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி, வெயில் ஏறும் முன் அடிக்கட்டும். வந்ததும் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தச் சட்டையைத் தனி வாளியில் துவையுங்கள். மீதி மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. எச்சில் ஒழுகுவது, வியர்த்துக் கொட்டுவது, கண்மணி சுருங்குவது என்று எது தெரிந்தாலும் மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டப்பாவில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் எந்த முறிவு மருந்து என்று முடிவு செய்வார்கள்.