நல்லர்பாரைக் காரவனோடு கடக்க: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

கேள்வி: அடிலெய்டில் வசிக்கிறோம். ஜூலைப் பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், என் அம்மா ஆகியோருடன் காரவனை (காருக்குப் பின்னால் இழுக்கும் சக்கர வீடு) இழுத்துக்கொண்டு பெர்த் போகத் திட்டம். நடுவில் நல்லர்பார் வறண்ட சமவெளியைக் கடக்கும் பகுதி, செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நாளைக்கு 600 வீதம் இரண்டே நாளில் தாண்டிவிடலாம் என்கிறார் என் மைத்துனர். எனக்கோ வழியில் டீசல் தீர்ந்துவிடுமோ என்று பயம். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் மைத்துனர் வெறும் காரில் போய்வந்தவராக இருக்க வேண்டும். காரவனோடு குளிர்காலத்தில் 600 கிலோமீட்டர் என்றால் கடைசி நூறை இருட்டில்தான் ஓட்டுவீர்கள். நல்லர்பாரைக் கடக்கும் ஏர் (Eyre) நெடுஞ்சாலையில் செய்யவே கூடாதது அதுதான்.

முதலில் டீசல். எரிபொருளும் சாப்பாடும் தங்குமிடமும் கிடைக்கும் ரோட்ஹவுஸ்களுக்கு இடையே மிக நீண்ட இடைவெளிகள் மூன்று: நல்லர்பார் ரோட்ஹவுஸிலிருந்து பார்டர் வில்லேஜ், கைகுனாவிலிருந்து பலடோனியா, பலடோனியாவிலிருந்து நார்ஸ்மன். மூன்றுமே 180 முதல் 195 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். காரவனை இழுக்கும் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடித்தாலும் 80 லிட்டர் டாங்க் 400 கிலோமீட்டர் தாங்கும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் எதிர்காற்றில் 25 லிட்டர்கூட ஆகலாம். அப்போது பாதி டாங்கில் 160 கிலோமீட்டர்தான் போகும்; அதனால் இந்த நீண்ட இடைவெளிகளுக்கு முன் முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள். விலை நகரத்தைவிடக் கணிசமாகக் கூடுதல்தான். மிச்சம் பிடிக்க நினைத்தால் வேகத்தை 85க்கும் 90க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும் முன் காரவனின் கேஸ் ஃப்ரிட்ஜை அணைக்க மறக்க வேண்டாம்.

தீர்ந்துபோகக்கூடியது டீசல் அல்ல, பகல் வெளிச்சம். சாயங்காலமும் விடியலும் கங்காரு, வாம்பட், ஒட்டகம் எல்லாம் சாலையோரத்துக்கு வரும் நேரம். இரண்டரை டன் காரவன் பின்னால் இருக்கும்போது சட்டென்று பிரேக் போடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. அதனால் நாளின் அளவைக் கிலோமீட்டரில் போடாதீர்கள். சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே வண்டி நின்றிருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்கிடுங்கள். குளிர்காலத்தில் 300 முதல் 400 கிலோமீட்டர்தான் தேறும்.

இந்தக் கணக்கில் பலர் தடுக்கி விழுவது கடிகாரத்தில். தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததும் ஜூலையில் ஒன்றரை மணி நேரம் பின்னால் போகிறது. நேரம் லாபம் என்று குஷியாகிவிடுவார்கள். ஆனால் மேற்கு ஆஸ்திரேலிய நேரப்படி யூக்லாவில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மாலை நாலரை மணியளவிலேயே மறைந்துவிடும்! போதாததற்கு, யூக்லா சுற்றுவட்டார ரோட்ஹவுஸ்கள் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால் ஓடும் தங்கள் சொந்த நேரத்தை வைத்திருக்கின்றன. சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டால், எந்த மணி என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

நான் சொல்வது மூன்று இரவுத் திட்டம். முதல் நாள் செடூனாவிலிருந்து நல்லர்பார் ரோட்ஹவுஸ், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ரோட்ஹவுஸுக்குச் சற்று முன்னால் ஹெட் ஆஃப் பைட் என்ற கடலோரப் பார்வையிடத்துக்குப் பிரியும் சாலை வரும். ஜூலையில் அங்கே திமிங்கலங்கள் குட்டிகளோடு கரைக்கு அருகிலேயே மிதக்கும். பிள்ளைகளுக்காக இல்லாவிட்டாலும் உங்கள் அம்மாவுக்காக அங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள்தான் வேலை அதிகமான நாள்: நல்லர்பார் ரோட்ஹவுஸிலிருந்து மடூரா, சுமார் 380 கிலோமீட்டர். விடிவதே தெற்கு ஆஸ்திரேலிய நேரம் ஏழே முக்காலுக்கு. அதற்குள் இட்லியை ஊற்றி எடுத்துவிடலாம். டயர் சூடேறும் முன் காற்றழுத்தம் பாருங்கள். அதே நேரப்படி எட்டரைக்குக் கிளம்பினால் பண்டா (Bunda) கடலோரப் பாறைமுகடுகளில் இரண்டு இடத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டும் பதினொன்றரைக்குப் பார்டர் வில்லேஜ் சேரலாம். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் காரவன் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அதன் பேரிங்கோ பிரேக்கோ கெட்டுக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. பாலைவெளியில் வண்டி இழுத்துப்போக ஆள் வரவழைத்தால் ஆகும் செலவைச் சொன்னால் பயந்துவிடுவீர்கள்.

பார்டர் வில்லேஜில் மேற்கு ஆஸ்திரேலியாவின் விவசாயப் பாதுகாப்புச் சோதனை. நம் வீட்டுக் காரவன்கள் அதிக நேரம் நிற்பது இங்கேதான். புதிய பழம், காய்கறி, தேன் ஆகியவற்றைப் பறித்துக்கொள்வார்கள். கறிவேப்பிலைக் கொத்து, முளைக்கக்கூடிய பயறு, முழு மசாலா எதுவானாலும் நீங்களாகவே எடுத்துக் காட்டிவிடுங்கள். மறைத்து மாட்டினால் அபராதம். மிச்சமிருக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கை முந்தின இரவே சமைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

எல்லை தாண்டி 12 கிலோமீட்டரில் யூக்லா. 1877இல் திறந்த தந்தி நிலையத்தின் இடிபாடு மணல்மேட்டுக்குள் பாதி புதைந்து நிற்கிறது. காரவனை நெடுஞ்சாலைப் பக்கம் மேலேயே நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் இறங்குங்கள். உள்ளூர் நேரத்தையெல்லாம் மறந்து, மேற்கு ஆஸ்திரேலிய நேரம் பன்னிரண்டுக்குக் கிளம்பினால் இரண்டே காலுக்குள் மடூரா.

இந்தப் பாதையில் 36 மீட்டர் நீள ரோட் ட்ரெயின்கள், அதாவது பல ட்ரெய்லர்களை இழுக்கும் லாரிகள், ஓடுகின்றன. வண்டிகளுக்கிடையே பேசும் யு.எச்.எஃப். ரேடியோவை 40ஆம் சேனலில் வையுங்கள்; லாரிக்காரர்கள் அதில்தான் பேசுவார்கள். பின்னாலிருந்து முந்த வந்தால் பதறி ஓரத்துச் சரளையில் இறங்காதீர்கள், நேராக, ஒரே வேகத்தில் போங்கள். அவர் வெளியே எடுத்த பிறகு ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் போதும். காற்றடித்துக் காரவன் வாலாட்டத் தொடங்கினால் காரின் பிரேக்கைத் தொடாதீர்கள். காலை எடுத்துவிட்டு, காரவன் பிரேக்கை மட்டும் ஓட்டுநர் பக்கத்திலிருக்கும் கைக்கருவியால் அழுத்துங்கள். சாலையில் பட்டைபட்டையாக வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது பறக்கும் மருத்துவச் சேவையின் அவசர விமான ஓடுதளம். அங்கே தேநீருக்கு நிற்க வேண்டாம்.

மூன்றாம் நாள் பலடோனியா வரை, சுமார் 340 கிலோமீட்டர். அதில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்கோடு. தூக்கம் வரும். கைகுனாவிலேயே ஸ்டியரிங்கை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். நான்காம் நாள் காலை நார்ஸ்மன்.

குடிநீர் முழுவதையும் செடூனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் வெளியில் ஆறு குளம் கிடையாது, ரோட்ஹவுஸில் தொட்டியை நிரப்பித் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். செல்பேசி பல இடங்களில் வேலை செய்யாது என்பதால் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பும் பீக்கன் ஒன்று வாடகைக்கு எடுங்கள். திரும்பி வரும்போது பழச் சோதனை எல்லையில் இல்லை, செடூனாவில்.